முதலில் திறக்க வேண்டிய கை: தலைமைத்துவத்தில் நீதியும் தன்னடக்கமும்



ஒரு கிராமம் இடம்பெயரும்போது வீட்டை விட்டுச் செல்கிறது. வயலையும் கிணற்றையும் விட்டுச் செல்கிறது. ஆனால் தலைமைத்துவம் என்ற தேவையை விட்டுச் செல்ல அதனால் முடிவதில்லை. மரத்தடியில் தங்கினாலும், பாடசாலைக் கட்டடத்தில் தங்கினாலும், நலன்புரி நிலையத்தில் தங்கினாலும், இரண்டாம் நாளே யாரோ ஒருவர் ஒரு கொப்பியை எடுத்துக் குடும்பங்களின் பெயர்களை எழுதத் தொடங்குகிறார். அந்தக் கொப்பி யாருடைய கையில் இருக்கிறதோ அவர் தலைவராகிவிடுகிறார். யாருடைய பெயர் முதலில் வருகிறது, யாருடைய பெயர் விடுபடுகிறது, தறப்பாள் யாருக்கு, விதைநெல் எத்தனை புசல் என்பதெல்லாம் அந்தக் கொப்பியில்தான் தீர்மானமாகின்றன.

ஆகவே தலைமைத்துவம் என்றதும் பாராளுமன்றத்தை மட்டும் நினைக்க வேண்டாம். முகாம் குழுவின் தலைவர், கமக்காரர் அமைப்பின் பொருளாளர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர், வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை, ஆலய சபை உறுப்பினர், பங்குத்தந்தை, எம்மைப் போன்ற அபிவிருத்திப் பணியாளர் எல்லோருமே தலைவர்கள்தான். எமது கையில் மற்றவர்களுடைய பங்கு இருக்கிறது. மற்றவர்களுடைய பங்கு எவருடைய கையில் இருக்கிறதோ, அவருக்கு இந்தப் பாடம் பொருந்தும்.

இந்தப் பாடத்துக்கு நாம் தேர்ந்துகொள்வது நெகேமியா நூல். காரணம் எளியது. நெகேமியா, இடம்பெயர்ந்து திரும்பி வந்த மக்களின் தலைவர். அவர் சந்தித்த சிக்கல்களும் எமக்குப் புதியவையல்ல: உடைந்த வீடுகள், விளையாத நிலம், ஈடு வைத்த காணி, கடன், வட்டி, வரி. முடிந்தால் இந்தக் கட்டுரையை விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்திருந்து வாசியுங்கள்.

திரும்பி வந்த மக்கள்

கி.மு. 587 அளவில் பாபிலோனியப் படைகள் எருசலேமை அழித்தன. மக்களில் ஒரு பகுதியினர் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளின் பின், கி.மு. 538இல் பாரசீக மன்னன் சைரசு அவர்கள் ஊர் திரும்ப அனுமதி கொடுத்தான். திரும்பியவர்களின் தொகையை 42,360 என்று எஸ்ரா நூல் பதிவு செய்கிறது. போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே வந்தார்கள். வந்தவர்களுக்குத் தகப்பன் சொன்ன ஊர் தெரிந்தது. கண்ணால் கண்ட ஊர் தெரியாது. இது எமக்கும் நன்கு தெரிந்த நிலைதான்.

கி.மு. 445 அளவில் கூட எருசலேமின் மதில் இடிந்தே கிடந்தது. அப்போது நெகேமியா தூரத்தில், சூசா என்னும் அரண்மனை நகரில், மன்னன் அர்த்தக்சஸ்தாவுக்குப் பானம் பரிமாறும் உயர்ந்த பதவியில் இருந்தார். ஊரிலிருந்து வந்தவர்களிடம் நிலைமையைக் கேட்டறிந்தபோது உட்கார்ந்து அழுதார், நோன்பிருந்து செபித்தார். அந்தச் செபத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்கள் பாவம் செய்தார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. தானும் தன் தகப்பன் வீட்டாரும் பாவம் செய்ததாக அறிக்கையிட்டார். தலைமைத்துவத்தின் முதற்படி அங்கேதான் இருக்கிறது: குற்றப் பட்டியலில் தன்னுடைய பெயரையும் எழுதத் தயங்காமை.

பின்னர் மன்னனிடம் விடைபெற்று எருசலேமுக்கு வந்தார். மூன்று நாள் பேசாமல் இருந்தார். இரவில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். பார்த்த பின்புதான் கூட்டம் கூட்டினார். 52 நாட்களில் மதில் கட்டி முடிந்தது. யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற நீண்ட பட்டியல் 3ஆம் அதிகாரத்தில் உண்டு. குருக்கள், பொற்கொல்லர், வாசனைத் தைலம் செய்வோர், வணிகர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஒருவர் தன் புதல்வியரோடு சேர்ந்து கட்டினார் என்றும் எழுதியிருக்கிறது. தெக்கோவா ஊரின் பெரியவர்கள் மட்டும் வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை என்பதும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது.

வேலைத்தலத்தில் எழுந்த கதறல்

மதில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பெரிய கதறல் எழுந்தது. 5ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை வாசியுங்கள். கதறியவர்கள் ஆண்கள் மட்டுமல்லர். அவர்களுடைய மனைவியரும் கதறினார்கள் என்று நூல் சிறப்பாகக் குறிப்பிடுகிறது. அடுப்பில் என்ன இருக்கிறது என்பது பெண்களுக்குத்தானே முதலில் தெரியும்.

மூன்று விதமான முறைப்பாடுகள் வந்தன. ஒரு பகுதியினருக்கு உண்ணத் தானியம் இல்லை, பிள்ளைகளோ அதிகம். இன்னொரு பகுதியினர் பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்துவிட்டார்கள். மூன்றாம் பகுதியினர் மன்னனுக்கு வரி கட்டக் கடன்பட்டிருந்தார்கள். கடன் முற்றிப் பிள்ளைகளையே அடிமைகளாக விற்கும் நிலை வந்துவிட்டது.

கடன் கொடுத்தவர் யார்? பாபிலோனியரா? பாரசீகரா? இல்லை. சொந்த இனத்தவர்கள், ஒரே ஆலயத்தில் ஒரே கடவுளை வணங்கியவர்கள். ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது விடுதலைப் பயண நூலிலும் (22:25) லேவியர் நூலிலும் (25:35-37) தெளிவாக இருக்கும் சட்டம். அந்தச் சட்டத்தைத் தெரிந்த பெரியவர்களே அதை மீறினார்கள். அவர்கள் வாங்கிய வட்டி நூற்றுக்கு ஒன்று. அது மாத வட்டி என்றே பொதுவாக விளக்குகிறார்கள். அப்படியானால் ஆண்டுக்கு 12 வீதம். எமது கிராமங்களில் நூறு ரூபாவுக்கு மாதம் ஐந்து ரூபா, பத்து ரூபா கேட்பவர்களை நாம் அறிவோம். அந்தப் பன்னிரண்டு வீதமே பிள்ளைகளை விற்க வைத்ததென்றால் இந்த வட்டி என்ன செய்யும்?

போர் முடிந்த 2009இன் பின், வெறுங்கையோடு வயலுக்குத் திரும்பிய குடும்பங்கள் நகையை அடைவு வைத்தும், வாராந்தக் கடன் எடுத்தும், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பட்டும் இந்தச் சுழிக்குள் அகப்பட்டன. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்க அரசே தீர்மானிக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. திருச்சபையும் இதை இன்று புதிதாகச் சொல்லவில்லை. 1891இலேயே திருத்தந்தை 13ஆம் லியோ (சிங்கராயர்) தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில் கொள்ளை வட்டியைக் கண்டித்தார்.

தன்னையும் சேர்த்துச் சொன்னவர்

கதறலைக் கேட்ட நெகேமியா கடுங்கோபம் கொண்டார். தன்னடக்கம் என்றால் அநீதியைக் கண்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஏழையின் வயல் பறிபோகும்போது கோபம் வராதவருக்கு இருப்பது அடக்கமன்று, அக்கறையின்மை. ஆனால் கோபம் வந்த உடனே அவர் வெளியே ஓடிச் சத்தமிடவில்லை. முதலில் தன் உள்ளத்தோடு ஆலோசித்தார் என்று நூல் கூறுகிறது. அதன் பின்பே பெரியவர்களையும் அதிகாரிகளையும் கண்டித்தார். பெரிய கூட்டமொன்றையும் கூட்டினார்.

உள்ளத்தோடு ஆலோசித்தபோது என்ன கண்டார் என்பது 10ஆம் வசனத்தில் தெரிகிறது. தானும் தன் சகோதரரும் தன் பணியாளரும்கூட மக்களுக்குப் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்திருப்பதை அவர் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். வட்டி வாங்குவதை நாம் எல்லோரும் விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்தே அழைத்தார். அதன் பிறகே, வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் வாங்கிய வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்று மற்றவர்களிடம் கேட்டார்.

பெரியவர்கள் வாயடைத்துப் போனார்கள். பின் இணங்கினார்கள். ஏன் இணங்கினார்கள்? அவரிடம் ஆளுநர் அதிகாரம் இருந்தது உண்மை. ஆனால் அதிகாரத்தால் வாங்கும் இணக்கம் அதிகாரி திரும்பிப் போகும்வரைதான் நிற்கும். இங்கே கேட்டவருடைய கை முதலில் திறந்திருந்தது. ஆதலால் மற்றவர்கள் கையைப் பொத்திக்கொண்டிருக்க முடியவில்லை. இதுவே இந்தப் பாடத்தின் நடுவான கருத்து: மற்றவருடைய கையைத் திறக்கச் சொல்லும் உரிமை, தன் கையை முதலில் திறந்தவருக்கே உண்டு.

இன்னொன்றும் செய்தார். வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடவில்லை. குருக்களை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் பெரியவர்களைச் சத்தியம் செய்யவைத்தார். கூட்டத்தில் “ஓம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மாறிவிடும் வழக்கம் அன்றும் இருந்திருக்க வேண்டும்.

உண்ணாத உணவுப்படி

5ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். நெகேமியா 12 ஆண்டுகள் ஆளுநராக இருந்தார். ஆளுநருக்கு உணவுப்படி உண்டு. அவருக்கு முன்னிருந்த ஆளுநர்கள் மக்களிடமிருந்து உணவும் திராட்சை இரசமும் எடுத்தார்கள். அவற்றோடு 40 செக்கேல் வெள்ளியும் வாங்கினார்கள். அவர்களுடைய வேலைக்காரர்கள்கூட மக்கள்மேல் அதிகாரம் செலுத்தினார்கள். நெகேமியாவோ அந்தப் படியை 12 ஆண்டுகளும் எடுக்கவில்லை. காணியும் வாங்கிச் சேர்க்கவில்லை. அவருடைய மேசையில் நாளாந்தம் 150 பேர்வரை சாப்பிட்டார்கள். அதற்கு ஒரு மாடும் ஆறு ஆடும் கோழிகளும் தேவைப்பட்டன. அப்படியிருந்தும் மக்களிடம் கேட்கவில்லை. காரணம் இரண்டைச் சொல்கிறார். ஒன்று, கடவுளுக்கு அஞ்சினார். மற்றது, மக்கள்மேல் சுமை ஏற்கெனவே பாரமாக இருந்தது.

அந்தப் படி களவல்ல, இலஞ்சமல்ல, சட்டப்படி அவருக்கு உரியது. இதுதான் கவனிக்க வேண்டியது. உரிமையில்லாததை எடுக்காமல் இருப்பது நேர்மை. அது எல்லோருக்கும் உரிய கடமை. உரியதையும் மக்களின் பாரத்தைப் பார்த்து விட்டுக்கொடுப்பது தன்னடக்கம். தலைவரிடம் மக்கள் தேடுவது இந்த இரண்டாவதை. மக்கள் நலிந்து கிடக்கும் காலத்தில் முதலாவது மட்டும் போதாது.

இவ்விடத்தில் எம்மைப் பற்றியும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2009இல் நாம் இளங்குருவாக வவுனியாப் பக்கத்து முகாமொன்றில் உணவு பகிரும் பணியில் நின்றோம். மக்களுக்குச் சோறும் பருப்பும். பணியாளருக்கு வெளியிலிருந்து பார்சல் வரும். அதில் மீனும் பொரித்த முட்டையும் இருக்கும். ஒருநாள் பொருட்கள் வைக்கும் கொட்டிலுக்குள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு ஏதோ கேட்க வந்தார். எம்மைக் கண்டதும் பின்வாங்கினார். “நீங்கள் சாப்பிடுங்கோ பாதர், நான் பிறகு வாறன். பிள்ளையளை அங்கால கூட்டிக்கொண்டு போறன், முட்டை மணத்துக்கு நிக்குதுகள்” என்றார். அந்தக் குரலில் குறை சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை. எம்மைச் சங்கடப்படுத்தாமல் பிள்ளைகளை விலக்கத்தான் பார்த்தார்.

அந்த முட்டை எமக்கு உரியதாகவே தரப்பட்டது. ஆனால் அதற்குப் பின் அது தொண்டைக்குள் இறங்கவில்லை. மறுநாள் முதல் நாமும் மக்கள் சாப்பிட்ட கிடாரத்துச் சோற்றையே வாங்கிச் சாப்பிட்டோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாளே நாக்கு மீனைத் தேடியது. பார்சல் வந்ததா என்று கண் பார்த்தது. ஆனால் அந்தக் கிடாரத்தில் சாப்பிட்ட பிறகுதான் அரிசியில் புழு இருப்பதும், பருப்பு தண்ணீராக இருப்பதும், வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு அடிப்பிடித்த சோறே கிடைப்பதும் எமக்குத் தெரியவந்தன. அதற்கு முன் மூன்று வாரம் அதே இடத்தில் நின்றும் தெரியவில்லை. தன்னடக்கம் ஆன்மாவுக்கு நல்லது என்று குருமடத்தில் படித்தோம். அது கண்ணையும் திறக்கிறது என்பதை முகாமில் படித்தோம்.

கோபம் கையோடு ஆலோசித்தபோது

நெகேமியாவைக் குறையில்லாத மனிதராக விவிலியம் காட்டவில்லை. 13ஆம் அதிகாரம் 23 முதல் 25 வரை வாசியுங்கள். வேற்றினப் பெண்களை மணந்த ஆண்களைக் கண்டு கோபம் கொண்ட அவர், அவர்களைச் சபித்தார்; சிலரை அடித்தார்; தலைமயிரைப் பிடுங்கினார். பணத்தில் பன்னிரண்டு ஆண்டு தன்னை அடக்கிய மனிதருக்கு அன்று கையை அடக்க முடியவில்லை. 5ஆம் அதிகாரத்தில் கோபம் உள்ளத்தோடு ஆலோசித்தது. 13ஆம் அதிகாரத்தில் கோபம் கையோடு ஆலோசித்தது.

இது எமக்கு நல்ல எச்சரிக்கை. ஒரு சதமும் தொடாத தலைவர்கள் பலர் நாவினால் மக்களைக் காயப்படுத்துகிறார்கள். “நான் களவெடுக்கிறேனா? பிறகு ஏன் கேள்வி கேட்கிறாய்?” என்று கூட்டத்தில் கத்துகிறார்கள். கணக்குச் சுத்தமாக இருப்பது அவமதிக்கும் உரிமையைத் தருவதில்லை. கைம்பெண் ஒருவர் நிவாரணப் பட்டியலில் தன் பெயரைத் தேடி மூன்றாம் தடவை வரும்போது பொறுமையாகப் பதில் சொல்வதும் தன்னடக்கம்தான். சாலமோனின் ஞான நூல் (8:7) தன்னடக்கம், விவேகம், நீதி, துணிவு ஆகிய நான்கையும் சேர்த்தே வைக்கிறது. ஒன்று குறைந்தால் மற்ற மூன்றும் ஆடத் தொடங்கும். நான்கு காலில் ஒன்று கட்டையான வாங்கில் யார் இருந்தாலும் சரிவார்.

ஆண்டவர் இயேசுவிடம் இந்த நான்கும் குறையாமல் இருந்தன. யாக்கோபும் யோவானும் பெரிய இடங்களைக் கேட்டபோது (மாற்கு 10:35-45), உங்களுள் பெரியவராக விரும்புகிறவர் தொண்டராக இருக்கட்டும் என்னும் கருத்தைக் கூறினார். பின் தாமே சீடரின் காலைக் கழுவினார். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலையும் அவர் விட்டுவிடவில்லை.

நல்ல மனம் மட்டும் போதாது

நெகேமியா சில காலம் மன்னனிடம் திரும்பிப் போனார். மீண்டும் எருசலேமுக்கு வந்து பார்த்தபோது எல்லாம் குழம்பியிருந்தது. காணிக்கைகள் வைக்கும் ஆலய அறை வேண்டிய ஒருவருக்குத் தங்கக் கொடுக்கப்பட்டிருந்தது. லேவியருக்குரிய பங்கு கொடுபடாததால் அவர்கள் பிழைப்புக்காகத் தங்கள் வயல்களுக்கே போய்விட்டார்கள். தலைவர் நல்லவராக இருந்தால் போதும் என்று இருந்த ஒழுங்கு, தலைவர் இல்லாதபோது சரிந்துவிட்டது.

இப்போது அவர் ஒரு புதிய ஏற்பாடு செய்தார் (13:13). களஞ்சியத்துக்கு ஒரு குரு, ஒரு சட்ட அறிஞர், ஒரு லேவியர், இவர்களுக்குத் துணையாக இன்னொருவர் என நால்வரை நியமித்தார். ஒரே பிரிவைச் சேர்ந்த நால்வரை எடுக்கவில்லை. நம்பிக்கைக்குரியவர்கள் என்று பெயர் பெற்றவர்களையே எடுத்தார். பங்கிட்டுக் கொடுப்பது அவர்களுடைய கடமையாயிற்று.

புனித பவுலும் இப்படித்தான் நடந்தார். எருசலேமில் வறுமையுற்ற கிறிஸ்தவர்களுக்காக மற்றச் சபைகளில் பணம் சேர்த்தபோது, அதைத் தனியாகக் கொண்டுபோக அவர் விரும்பவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். கடவுள் முன்னிலையில் மட்டுமல்ல, மனிதர் முன்னிலையிலும் குறை சொல்ல இடமில்லாமல் நடக்க வேண்டும் என்பது அவருடைய விளக்கம் (2 கொரிந்தியர் 8:20-21). பவுலுக்கே துணை வேண்டியிருந்ததென்றால் எமக்கு வேண்டாமா? கணக்கைக் கேட்பது தலைவரைச் சந்தேகிப்பதாகாது. வேலி பயிரைச் சந்தேகித்தா போடப்படுகிறது?

எமது நாட்டில் கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. பதிவும் யாப்பும் வங்கிக் கணக்கும் வேலி போன்றவை. ஆனால் வேலியில் பொட்டு விழுந்தால் அதை அடைப்பது வீட்டுக்காரரின் வேலை. அதற்குச் சில எளிய ஒழுங்குகளைக் கூறுகிறோம்.

1. பட்டியல் எழுதுபவர் தன் பெயரைக் கடைசியில் எழுதட்டும். பொருள் போதாமற் போனால் குறைவது முதலில் அவருக்காக இருக்கட்டும்.

2. வந்த பொருள், கொடுத்த பொருள், மிச்சம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எல்லோரும் போய்வரும் இடத்தில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள்.

3. களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டுப் போட்டு, திறப்புகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். அவற்றில் ஒன்று ஒரு பெண்ணின் கையில் இருப்பது நல்லது. வங்கியில் ஒருவரின் கையொப்பத்தோடு பணம் எடுக்கும் ஒழுங்கு வேண்டாம்.

4. உங்கள் மகனுக்கோ மருமகனுக்கோ தொடர்பான விடயம் கூட்டத்துக்கு வந்தால் எழுந்து வெளியே நில்லுங்கள். இறைவாக்கினர் சாமுவேல், யாருடைய மாட்டையாவது எடுத்தேனா என்று மக்கள் முன் நின்று கேட்கக்கூடிய அளவுக்குச் சுத்தமாக இருந்தார் (1 சாமுவேல் 12:1-5). ஆனால் அவர் நீதித்தலைவர்களாக நியமித்த அவருடைய புதல்வரோ கைக்கூலி வாங்கினார்கள் (8:1-3).

5. சங்க உறுப்பினருக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கும் ஒருவர் அதே சங்கத்தின் பொறுப்பில் இருக்கலாமா என்பதைச் சபையில் பேசித் தீர்மானியுங்கள். மனம் கூசும், ஆனால் பேசுங்கள்.

6. கோபம் வந்த இரவில் எந்தத் தீர்மானமும் எடுக்க வேண்டாம். ஒரு நாள் பொறுத்து, செபித்து, இன்னொருவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

7. பதவிக்காலம் முடிந்தால் கொப்பியையும் திறப்பையும் அடுத்தவரிடம் எல்லோர் முன்னிலையிலும் ஒப்படையுங்கள். அப்படி ஒப்படைக்கும் நாள் உங்கள் தலைமைத்துவத்தின் அறுவடை நாள்.

சுத்தமான கையின் பலன்

மதில் கட்டும் வேலையை நிறுத்தப் பகைவர்கள் பலமுறை முயன்றார்கள். பேச்சுக்கு வா என்று ஓனோ சமவெளிக்கு நான்கு தடவை நெகேமியாவை அழைத்தார்கள். பொய்க் குற்றச்சாட்டு எழுதி அனுப்பினார்கள். ஆலயத்துக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்லி ஒருவரைக் கூலிக்கும் அமர்த்தினார்கள் (6ஆம் அதிகாரம்). அவர் அசையவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவரை மிரட்டுவது கடினம்.

இது இன்றும் உண்மை. இரணைதீவு மக்கள் 1992இல் தீவை விட்டு இடம்பெயர்ந்தார்கள். 2017 மே மாதத்தில் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு போராடிய பின், 2018 ஏப்ரலில் தாங்களே படகுகளில் ஏறித் தம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காணிக்காகவும் தண்ணீருக்காகவும் இழப்பீட்டுக்காகவும் மக்கள் ஒன்றாக நிற்பதற்கு நம்பிக்கை வேண்டும். நிவாரணக் கணக்கில் சந்தேகம் விழுந்த குழு, உரிமைக்காக ஒரு மாதம்கூட ஒன்றாக நிற்காது. அதிகாரிகளின் கதவைத் தட்டும் தலைவரிடம், “நீர் உமது சனத்துக்கு என்ன செய்தீர்?” என்று யாரும் திருப்பிக் கேட்க இடமிருக்கக் கூடாது. எமது சங்கத்துக் கொப்பியில் நாம் காக்கும் நீதியே, வெளியே நாம் கேட்கும் நீதிக்குப் பலம் தருகிறது.

கலந்துரையாடுவதற்கு

1. நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் வரும் மூன்று முறைப்பாடுகளில் எது எமது கிராமத்தில் இன்று அதிகம் கேட்கிறது? அதைப் பெண்கள் எப்படிச் சொல்கிறார்கள், ஆண்கள் எப்படிச் சொல்கிறார்கள்?

2. எமது பொறுப்பின் காரணமாக எமக்கு முறைப்படி கிடைக்கும் ‘உணவுப்படி’ எது? மக்களின் பாரத்தைப் பார்த்து அதில் எதை விட்டுக்கொடுக்கலாம்?

3. கடைசியாக எப்போது எமது சங்கத்தின் கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது? அடுத்ததாக எந்த நாளில் வாசிக்கப் போகிறோம்? நாளைக் குறித்துக்கொண்டு கூட்டத்தை முடியுங்கள்.

செபம்

ஆண்டவரே, நீர் எமது கையில் தந்திருப்பது எமது சகோதரரின் பங்கு என்பதை நாம் மறவாதிருக்கச் செய்யும். எமக்கு உரியதிலும் அவர்களுடைய பசியைக் காணக் கண் தாரும். கோபம் வரும்போது உள்ளத்தோடு ஆலோசிக்கப் பொறுமை தாரும். மற்றவருடைய கையைத் திறக்கச் சொல்லும் முன் எமது கையைத் திறக்கத் துணிவு தாரும். எமது வயல்களுக்கு நாம் திரும்பும் நாளில், ஒருவர் முகத்தை ஒருவர் கூசாமல் பார்க்கக்கூடிய மக்களாய்த் திரும்ப அருள் தாரும். ஆமென்.